துறைமுகமும் தூரிகையும்

பழைய கடற்பயண நூல்களைக் கையிலெடுப்போர் வசனத்தைப் படிப்பதற்கு முன்னே படங்களைப் புரட்டிப் பார்ப்பது இயல்பு. அமைதியான குடா ஒன்று. அதன் நடுவே பாய் சுருக்கி நங்கூரமிட்டு நிற்கும் இரண்டு கப்பல்கள். கரையில் ஒரு கூடாரம். கப்பல்களைச் சூழ்ந்து சிறு தோணிகள். பின்னணியில் முகில் தவழும் மலை. இத்தகைய படமொன்றைக் கண்டதும் நம் மனம் அதனை நம்பிவிடுகின்றது. எழுதியவன் கூட்டியும் குறைத்தும் எழுதியிருப்பான். வரைந்தவனோ கண்டதைக் கண்டபடியே வரைந்திருப்பான் என்பது நம் எண்ணம். யாழ்ப்பாணத்தில் ஊழியம் புரிந்த ஒல்லாந்தப் பாதிரியார் பால்டேயஸ் 1672ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் நகரில் வெளியிட்ட பெருநூலிலே நம் நாட்டுக் கோட்டைகளும் நகரங்களும் படங்களாக உள்ளன. அவற்றைப் பார்க்கும் நாமும், அக்காலத்தில் நம்மூர் இப்படித்தான் இருந்தது என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றோம். யார் வரைந்தார், எங்கிருந்து வரைந்தார், யாருக்காக வரைந்தார் என்னும் மூன்று வினாக்களையும் கேட்போர் சிலரே.

இவ்வினாக்களைக் கேட்டுப் பார்ப்பதற்கு மிகவும் ஏற்றதென எனக்குத் தோன்றும் துறைமுகம் ஒன்று உண்டு. அது நமக்கு மிகத் தொலைவில், பசிபிக் சமுத்திரத்தின் மறுகரையில் உள்ளது. பெருநகரம் எதுவும் அங்கே ஒருபோதும் எழுந்ததில்லை. ஆயினும் 1778 முதல் 1792 வரையுள்ள பதினான்கு ஆண்டுகளில் இங்கிலாந்துக் கப்பல்களிலும் ஸ்பானியக் கப்பல்களிலும் வந்த சித்திரக்காரர் பலர் அதனை வரைந்தனர். அப்படங்களின் பிரதிகளை ஆண்டு வரிசைப்படி அடுக்கிவைத்துப் பார்த்தபோது, கரை ஒன்று, மலை ஒன்று, நீர்ப்பரப்பும் ஒன்று. ஆனால் ஒவ்வொரு படமும் வெவ்வேறு வழக்கைப் பேசுவதைக் கண்டேன். அத்துறைமுகத்தின் பெயர் நூட்கா.

காற்றுகள் கூடும் ஊர்

கனடாவின் மேற்குக் கரையை அடுத்து வன்கூவர் தீவு என்னும் நீண்ட தீவு கிடக்கின்றது. அதன் வெளிப்புறக் கரையிலே, கடல் உட்புகுந்து பல கிளைகளாகப் பிரியும் ஆழமான குடாவே நூட்கா. அதன் வாயிலில் யூகுவொட் என்னும் ஊர் உள்ளது. எல்லாத் திசைகளிலிருந்தும் காற்று வீசும் இடம் என்பது அப்பெயரின் பொருள். அங்கு வாழ்ந்தோர் மோவாச்சாட் எனப்படும் மக்கள். சீடர் மரத்தைப் பிளந்தெடுத்த பலகைகளால் அவர்கள் பெரிய வீடுகளை அமைத்தனர். பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தன. அடிமரத்தைக் குடைந்து செய்த தோணிகளில் திறந்த கடலிற் சென்று திமிங்கில வேட்டையாடினர். கோடையில் யூகுவொட்டிலும், குளிர்காலத்தில் குடாவின் உட்பகுதியிலுள்ள ஊர்களிலும் தங்கினர். நூட்கா என்பது அவர்கள் வைத்த பெயரன்று. சுற்றி வாருங்கள் என்று கப்பலுக்கு அவர்கள் வழி சொன்னதை வந்தவர்கள் ஊர்ப்பெயரென்று எண்ணிக்கொண்டார்கள் என்பர். பெயரிலேயே பிழை தொடங்கிவிட்டதென்றால், படங்களைப் பற்றி நாம் சற்று விழிப்பாயிருப்பது தகும்.

1774ஆம் ஆண்டில் ஹுவான் பேரெஸ் என்னும் ஸ்பானிய மாலுமி சாந்தியாகோ என்ற கப்பலில் இக்குடாவின் வாயிலுக்கு வந்தார். தோணிகளில் வந்த மக்களுடன் பண்டமாற்றுச் செய்தார்; கரையில் இறங்காமலே திரும்பிவிட்டார். ஸ்பானிய அரசு அப்பயணச் செய்தியை அச்சேற்றாது தன்னுள்ளேயே வைத்துக்கொண்டது. நான்கு ஆண்டுகள் கழித்துக் கப்டன் ஜேம்ஸ் குக் வந்தார். அவருடைய கப்பலில் சம்பளம் பெற்ற சித்திரக்காரர் ஒருவர் இருந்தார். அவர் வரைந்தவற்றை அச்சிட்டு உலகுக்கு வழங்கும் எண்ணமும் ஆங்கில அரசுக்கு இருந்தது. பின்னர் எழுந்த பிணக்குகளுக்கெல்லாம் இந்த வேறுபாடும் ஒரு காரணம் என்பது என் கருத்து. முதலில் கண்டவர் ஸ்பானியர். கண்டதை முதலில் உலகுக்குக் காட்டியவர் ஆங்கிலேயர்.

பொத்தான்களின் கணக்கு

அச்சித்திரக்காரரின் பெயர் ஜோன் வெபர். அவர் 1751ஆம் ஆண்டில் லண்டனிற் பிறந்தவர். தந்தை சுவிற்சர்லாந்துச் சிற்பி. வெபர் இளமையில் பேர்ண் நகரில் வளர்ந்து, அங்கும் பாரிஸ் நகரிலும் ஓவியம் பயின்றார். 1776ஆம் ஆண்டில் குக்கின் மூன்றாம் பயணத்தில் ஆண்டொன்றுக்கு 100 கினி ஊதியத்தில் அமர்த்தப்பட்டபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. எழுத்தினாற் சொல்ல இயலாத குறையைப் படத்தினால் நிரப்புவதே அவருக்கு இடப்பட்ட பணி.

ரெசொலூஷன், டிஸ்கவரி என்னும் இரு கப்பல்களும் 1778ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் திகதி நூட்கா வந்தடைந்தன. பழுதுற்ற பாய்மரங்களை மாற்றவும், நீரும் விறகும் ஏற்றவும் ஏறக்குறைய நான்கு வாரங்கள் சென்றன. கப்பல்கள் நின்ற ஒதுக்கினை வெபர் பெரிய படமாகத் தீட்டினார். இப்போது கிறீன்விச் கடல்சார் நூதனசாலையிலுள்ள அப்படத்தில் கப்பல்கள் அமைதியாக நிற்கின்றன. பாறையொன்றின்மேல் வானசாத்திரிகளின் கூடாரங்கள் தெரிகின்றன. மக்களின் தோணிகள் கப்பல்களை மொய்த்து நிற்கின்றன. யூகுவொட் ஊரையும் அவர் வரைந்தார்: கடற்கரைக்கு மேலே மேட்டு நிலத்தில் வரிசையாகப் பலகை வீடுகள், கீழே கரையேற்றப்பட்ட தோணிகள்.

ஊரின் வெளித்தோற்றத்தை வரைந்து முடித்ததும், மக்கள் வாழும் முறையை விளக்க வீடொன்றின் உட்புறத்தையும் வரைய அவர் விரும்பினார். அங்கே நிகழ்ந்ததை அவரே எழுதிவைத்தார். வீட்டின் ஒரு முனையில், மனித உருவாகச் செதுக்கி வண்ணம் பூசிய இரண்டு பேருருவங்கள் நின்றன. சித்திரக்காரரின் கண்கள் அவற்றிற் பதிந்ததைக் கண்ட ஒருவன், கையிற் பெருங்கத்தியுடன், முகத்தில் வெறுப்புடன் நெருங்கி வந்தான். வெபர் அவனைக் கவனியாதவர் போலத் தம் வேலையைத் தொடர்ந்தார். அவன் பாயொன்றைக் கொணர்ந்து அவ்வுருவங்கள் தெரியாதபடி மறைத்துவிட்டான். மீண்டும் இத்தகைய வாய்ப்புக் கிட்டாதென்று எண்ணிய வெபர், தம் மேற்சட்டையிலிருந்த உலோகப் பொத்தான் ஒன்றைக் கொடுத்தார். பாய் விலகியது. அவர் அமர்ந்து மறுபடி கோடிழுக்கத் தொடங்கியதும் பாய் திரும்பி வந்தது. இன்னொரு பொத்தான், பாய் விலகியது. இவ்வாறே சட்டையிலிருந்த பொத்தான்கள் யாவும் தீருமட்டும் நடந்தது. இனிப் பறிப்பதற்கு ஒன்றுமில்லை என்று கண்ட பின்பு அவன் தடை செய்யவில்லை.

கடலிற் பாய் விரித்து வந்தவனுக்கு முன்னே வீட்டிற் பாய் விரித்து மறித்த இம்மனிதனை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. வெபர் இதனை ஒரு வேடிக்கையாகவே எழுதினார். தாம் கொடுத்ததைக் கைக்கூலி என்றும் கருதினார். பொத்தானுக்கு ஆசைப்பட்ட ஒருவனின் தந்திரம் என்றே படிப்பவரும் சிரித்துவிடக் கூடும். ஆனால், அந்நாட்களில் நடந்த வேறொரு நிகழ்ச்சியையும் இதனுடன் சேர்த்து நோக்க வேண்டும். கப்பலிலிருந்த ஆடுகளுக்குப் புல் வெட்டக் குக் ஆட்களை அனுப்பியபோது ஊரார் விலை கேட்டனர். ஒருவருக்குக் கொடுத்ததும் மற்றொருவர் வந்து இந்தப் பகுதி என்னுடையது என்றார். ஒவ்வொரு புல்லுக்கும் ஓர் உடைமைக்காரர் இருப்பதுபோலத் தோன்றியது. தம் நாட்டில் விளைவன யாவும் தமக்கே உரியன என்ற உணர்வை இவ்வளவு உறுதியாகத் தாம் வேறெங்கும் கண்டதில்லை என்று குக் குறித்துள்ளார்.

அக்கரையோர மக்களிடையே நிலமும் நீரும் மட்டுமல்ல, பாட்டும் ஆட்டமும் முகமூடியும் செதுக்கிய உருவமும் குறிப்பிட்ட தலைவருக்கும் அவர் குடிக்கும் உரிய சொத்துகள். அவற்றை யார் காட்டலாம், யார் காணலாம் என்பதற்கு முறை உண்டு. ஆகவே அம்மனிதன் கேட்டது கைக்கூலி அன்று, காட்சிக்குரிய கட்டணம் என்றே நான் கொள்கிறேன். பார்ப்பதற்கும் உரிமை உண்டு. அவ்வுரிமை பார்ப்பவனிடம் இல்லை, பார்க்கப்படும் பொருளுக்கு உடையவனிடமே உள்ளது என்பதை அவன் மொழி தெரியாத அயலானுக்குப் பாயைக் கொண்டு விளக்கினான்.

வெபரின் படத்தில் அடுப்பும், உத்தரத்திலே தொங்கும் மீனும், பெட்டிகளும், கூடியிருக்கும் மாந்தரும், பின்னே அவ்விரு பேருருவங்களும் தெளிவாக உள்ளன. அந்த மனிதன் மறித்து நின்ற காட்சி அதில் இல்லை; பாயும் இல்லை; பொத்தான்களும் இல்லை. படத்தை மட்டும் பார்ப்பவருக்கு, எவரும் தடுக்காமல் வீடே தன் கதவைத் திறந்து காட்டியது போலத் தோன்றும்.

செப்புத் தகட்டின் வழி

இங்கே அக்காலப் படங்கள் அச்சான முறையைச் சிறிது கூறுதல் வேண்டும். இடத்தில் இருந்து விரைவாகக் கோடிட்டது முதற்படி. கப்பலிலோ ஊர் திரும்பிய பின்போ அதனை வண்ணந்தீட்டி நிறைவாக்குவது இரண்டாம் படி. பின்பு செதுக்குநர் அதனைச் செப்புத் தகட்டிலே கூரிய உளியாற் கீறுவார். கீறிய கோடுகளில் மை நிரப்பி, தகட்டின் மேற்புறத்தைத் துடைத்து, ஈரமான காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் பதியும். இவ்வாறு ஒரு துறைமுகம் நூலில் வந்து சேருமுன் இரண்டு மூன்று கைகளைக் கடந்தது. அவற்றுள் கடைசிக் கை பெரும்பாலும் அத்துறைமுகத்தைக் கனவிலும் காணாத கை. மேகம் அழகாகத் திரளும். மரம் இங்கிலாந்து மரம்போல் ஆகும். ஆதிக்குடிகள் கிரேக்கச் சிலைபோல நிமிர்ந்து நிற்பர்.

குக்கின் பயண வரலாறு மூன்று தொகுதிகளாகவும் படத்தொகுதியாகவும் 1784ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே குக் ஹவாயில் உயிரிழந்திருந்தார். நூட்காவில் அற்ப விலைக்கு வாங்கிய கடல் நீர்நாயின் உரோமத் தோல்களைச் சீனத்தின் கன்ரன் துறையில் மாலுமிகள் பெரும்பணத்துக்கு விற்ற செய்தி அந்நூலில் இருந்தது. வழியும் அச்சாகிவிட்டது, துறையின் தோற்றமும் அச்சாகிவிட்டது. அடுத்த ஆண்டிலேயே வணிகக் கப்பல் ஒன்று அங்கு சென்றது. பின்னர் பல சென்றன.

கொடி பறக்கும் படம்

அவ்வாறு சென்றவருள் ஒருவர் ஜோன் மியர்ஸ். 1788ஆம் ஆண்டில் அவர் மக்காவோவிலிருந்து சீனத் தொழிலாளரையும் அழைத்துக்கொண்டு யூகுவொட் வந்தார். அங்கே ஒரு வீடு எழுப்பி, சிறிய கப்பல் ஒன்றையும் கட்டி, செப்டெம்பர் 20ஆம் திகதி நீரில் இறக்கினார். மறு ஆண்டில் ஸ்பானியத் தளபதி மார்த்தினெஸ் வந்து மியர்ஸின் கூட்டத்தாருடைய கப்பல்களைக் கைப்பற்றினார். மியர்ஸ் லண்டனுக்கு விரைந்தார். 1790ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தின் முன் முறையிட்டார். அத்துறைமுகத்தில் மக்குவின்னா என்னும் தலைவரிடம் நிலம் வாங்கியதாகவும், அங்கே ஆங்கிலக் கொடி ஏற்றியதாகவும் அவர் கூறினார். இங்கிலாந்து கடற்படையைத் திரட்டியது. இரு பேரரசுகளும் போரின் விளிம்பில் நின்றன.

அதே 1790இல் மியர்ஸின் பயண நூலும் வெளிவந்தது. அதிலுள்ள படங்களுள் மிகவும் பெயர்பெற்றது அச்சிறு கப்பல் நீரில் இறங்கும் காட்சி. அதனை நூலுக்கென வரைந்தவர் லண்டனிலிருந்த ஓவியர். கரையிலே வீடு, மேலே பறக்கும் ஆங்கிலக் கொடி, ஆரவாரிக்கும் கூட்டம். உலகின் அப்பகுதியிற் கட்டப்பட்ட முதற்கப்பல் இதுவென்று படத்தின் தலைப்பு முழங்குகின்றது. தலைமுறை தலைமுறையாகத் திமிங்கிலத்தையே துரத்திச் சென்ற தோணிகளைக் கட்டிய மக்கள் படத்தின் ஓரத்தில் பார்வையாளராக நிற்கின்றனர். அவர்களுடைய கலங்கள் கலங்களாகக் கணக்கில் வரவில்லை.

இப்படத்தை நேரிற் கண்டவர் சாட்சியுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு உண்டு. அப்போது அங்கிருந்த அமெரிக்கக் கப்பற்காரர்களான றொபேட் கிறே, ஜோசப் இங்கிறஹாம் ஆகிய இருவரும் 1792ஆம் ஆண்டில் எழுதிய கடிதத்தில், மியர்ஸ் கட்டியது வீடு என்பதிலும் பார்க்கக் குடிசை என்பதே பொருந்தும் என்றனர். மியர்ஸின் கூட்டாளி அதனைப் பிரித்துப் பலகைகளைக் கப்பலில் ஏற்றினார். கூரை அமெரிக்கருக்குக் கொடுக்கப்பட்டு விறகாக எரிந்தது. நிலம் வாங்கியதைப் பற்றித் தாம் ஒன்றும் கேள்விப்பட்டதில்லை என்றும் எழுதினர். அவர்களும் ஸ்பானியர்பால் நட்புடையோர் என்பதை மறத்தலாகாது. ஆயினும் அடுப்பில் எரிந்துபோன கூரை, லண்டன் நகரத்துப் புத்தகத்தில் கொடியுடன் நிலைத்து நின்றது. கண்ணாற் காண்பதும் பொய் என்று நம் முன்னோர் சொன்னது அச்சுப்படத்துக்கே மிகப் பொருந்தும் போலும்.

அந்நூலில் இன்னொரு படமும் உண்டு. மக்குவின்னாவும் கலிக்கம் என்னும் மற்றொரு தலைவரும் அதில் நண்பராகக் காட்சியளிக்கின்றனர். படம் வெளிவந்தபோது கலிக்கம் உயிரோடில்லை. 1789ஆம் ஆண்டு யூலை மாதத்தில், கப்பல்களைப் பறித்ததற்காக ஸ்பானியரைத் தோணியில் இருந்தபடியே இகழ்ந்துரைத்தபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு வல்லரசுகளின் பூசலில் அத்துறைமுகத்திற் சிந்திய முதற்குருதி அவ்வூராருடையதே. அதனை வரைந்த படம் அந்நூலில் இல்லை.

பூட்டி வைத்த சித்திரங்கள்

1790ஆம் ஆண்டு ஒக்டோபரில் உடன்படிக்கை ஏற்பட்டுப் போர் தவிர்ந்தது. ஆனால் ஸ்பானியர் யூகுவொட்டை விட்டுப் போகவில்லை. ஊர் இருந்த இடத்திலேயே அவர்கள் குடியேற்றம் அமைத்தனர்; ஊரார் வேறிடம் பெயர நேர்ந்தது. 1791ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அலெசாந்த்ரோ மலஸ்பினாவின் இரு ஆராய்ச்சிக் கப்பல்கள் அங்கு வந்தன. அவற்றில் தோமாஸ் தெ சூரியா என்பவர் இருந்தார். அவர் மெக்சிக்கோ நாணயசாலையிற் பணிபுரிந்த செதுக்குநர். ஹோசே கார்தேரோ என்னும் இளைஞனும் உடன் இருந்தான். கப்பலில் ஏவலாளனாகச் சேர்ந்த அவன் பயணத்தின்போதே சித்திரக்காரனாக உயர்ந்தவன்.

இவர்களின் படங்களில் துறைமுகத்தின் முகமே மாறிவிட்டது. வெபர் வரைந்த பலகை வீட்டு வரிசை நின்ற மேட்டில் ஸ்பானியரின் கட்டடங்கள் நிற்கின்றன. எனினும் மனிதரை வரைந்தபோது இவர்கள் கைகளில் ஓர் அக்கறை தெரிகின்றது. மக்குவின்னாவின் முகத்தை இவர்கள் வரைந்த விதத்தில், எண்ணத்தில் ஆழ்ந்த ஒரு மனிதரை நாம் காண்கிறோம். அவர் அணியும் பின்னற் தொப்பியில் தோணியும் திமிங்கிலமும் வேட்டையும் சித்திரமாகப் பின்னப்பட்டிருந்தன. கடலை வரையும் கலை கப்பலேறி அங்கு வந்ததன்று. அது அவ்வூரார் தலையிலேயே இருந்தது.

இச்சித்திரங்களுக்கு நேர்ந்த கதி வேறு. மலஸ்பினா 1794இல் நாடு திரும்பினார். மறு ஆண்டில் அரசியற் சூழ்ச்சியில் அகப்பட்டுச் சிறைப்பட்டார். அவருடைய பயண ஏடுகளும் முடக்கப்பட்டன. 1792இல் நூட்கா சென்ற இரு சிறு கப்பல்களின் பயண வரலாறு 1802இல் வெளிவந்தபோது மக்குவின்னாவின் உருவப்படம் அதன் படத்தொகுதியில் இடம்பெற்றது. மலஸ்பினாவின் பெரும்பயண வரலாறோ 1885ஆம் ஆண்டில்தான் அச்சாயிற்று. இங்கிலாந்தில் ஒரு குடிசை மாளிகையாகி ஊரெங்கும் உலாவிய காலத்தில், ஸ்பானியாவில் உண்மைக்கு அணுக்கமான படங்கள் பூட்டிய பெட்டியிற் கிடந்தன. வரைவது ஒன்று, வெளியிடுவது வேறொன்று. சரித்திரத்தின் நினைவில் நிற்பது பெரும்பாலும் பிந்தியதே.

எல்லை காட்டும் படம்

இனி வருவது கடைசிப் படம். உடன்படிக்கையை நிறைவேற்றும் பொருட்டுக் கப்டன் ஜோர்ஜ் வன்கூவர் 1792ஆம் ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் நூட்கா வந்தார். ஸ்பானியப் பிரதிநிதி பொதேகா இ குவாத்ரா அவரை வெள்ளித் தட்டுகளில் விருந்தளித்து உபசரித்தார். இருவரும் நண்பராயினர். மக்குவின்னாவும் உட்குடாவிலுள்ள தம் ஊரில் இருவருக்கும் விருந்தும் ஆட்டமும் அளித்தார். நட்பு வளர்ந்தது, வழக்குத் தீரவில்லை. மியர்ஸின் குடிசை நின்ற துண்டு நிலத்தை மட்டுமே தருவேன் என்றார் ஒருவர். துறைமுகம் முழுவதும் வேண்டும் என்றார் மற்றவர். அத்துண்டு நிலம், எந்தப் பக்கம் அளந்தாலும் 100 யாருக்கு அதிகம் மேற்படாத சிறு ஒதுக்கு.

வன்கூவரின் கப்பல்களில் தனிச் சித்திரக்காரர் இல்லை. கடலோட்டத்துக்கு உதவும் கரைத்தோற்றங்களை வரையப் பழகிய இளம் அதிகாரிகளே வரைந்தனர். ஒரு துறையின் வாயிலை அடுத்து வருபவன் அடையாளங்காணும்படி, மலை முடிகளையும் பாறைகளையும் ஒழுங்காகக் குறிப்பதே அப்பயிற்சி. ஹம்ப்றிஸ் என்னும் இளைஞர் இவ்வாறு யூகுவொட் துறையை வரைந்தார். லண்டனில் வில்லியம் அலெக்சாந்தர் என்னும் ஓவியர் அதனைத் திருத்தி வரைய, செதுக்குநர் தகட்டிற் கீற, 1798ஆம் ஆண்டில் வன்கூவரின் நூலில் அது வெளிவந்தது. பார்ப்பதற்கு எவ்வளவு சாந்தமான காட்சி! மலை, காடு, கரை, கட்டடங்கள், படகுகள். ஆனால், 1792 செப்டெம்பரில் ஸ்பானியா பிரித்தானியாவுக்குக் கொடுக்க முன்வந்த நிலம் எது என்பதைச் சுட்டும் குறிப்பொன்று அப்படத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. இவ்வளவு அற்பமான நிலத்தை நான் எவ்வாறு ஏற்பேன் என்று வன்கூவர் தம் நாட்டாரைப் படத்தின் வாயிலாகக் கேட்கிறார். இயற்கைக் காட்சியாகத் தோன்றுவது உண்மையிலே ஒரு காணி உறுதியின் வரைபடம். அந்நிலம் மக்குவின்னாவின் ஊர் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை.

படங்களுக்கு அப்பால்

1795ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி வழக்கு ஒரு சடங்காக முடிந்தது. ஸ்பானியர் தம் கோட்டையைக் கலைத்தனர். ஆங்கிலக் கொடி ஏறி இறங்கியது. இரு சாராரும் கப்பலேறிப் போயினர். எந்தத் துண்டு நிலத்துக்காக இரண்டு அரசுகள் போருக்கு எழுந்தனவோ, அதனை இரண்டும் விட்டுச் சென்றன. அவ்வாண்டிலேயே மோவாச்சாட் மக்கள் திரும்பி வந்து பழைய மேட்டில் தம் வீடுகளை மீண்டும் எழுப்பினர். என்னைக் கேட்டால், நூட்காவின் வரலாற்றில் மிக முக்கியமான காட்சி இதுவே. இதனை வரைந்த எவருடைய படமும் நான் வரிசைப்படுத்திய படங்களில் இல்லை.

பின்னாளிலும் நினைவுச் சின்னங்கள் பழைய படங்களின் வழியையே பின்பற்றின. 1903ஆம் ஆண்டில் அங்கே நாட்டிய கல் வன்கூவரும் குவாத்ராவும் சந்தித்ததைப் போற்றியது. 1957ஆம் ஆண்டில் அங்குள்ள தேவாலயத்துக்கு ஸ்பானிய அரசு அளித்த வண்ணக் கண்ணாடி யன்னல்களில் ஒன்றும் அச்சந்திப்பையே காட்டியது. 1923ஆம் ஆண்டில் கனடா அரசு இதனைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தபோதும் ஐரோப்பியர் வருகையே முதன்மை பெற்றது. 1990ஆம் ஆண்டுகளில்தான், அவ்வூர் மக்களின் முயற்சியினால், அது மோவாச்சாட், மச்சலாட் மக்களின் வரலாற்றுத் தலமாகப் புதிதாக விளக்கப்பட்டது. இன்று அவர்கள் வெபரின் படங்களையும் தம் முன்னோரைப் பற்றிய சான்றுகளாகப் பயன்படுத்த இயல்கின்றது. பிறர் தமக்கென வரைந்தது காலப்போக்கில் வரையப்பட்டவருக்கே சாட்சியாகவும் மாறும்.

இதனால் இப்படங்களெல்லாம் பொய்யென்று ஒதுக்கிவிட வேண்டும் என நான் கூறவில்லை. வெபர் இல்லையேல் அப்பலகை வீட்டின் உட்புறம் நமக்குத் தெரியாது போயிருக்கும். சூரியாவும் கார்தேரோவும் இல்லையேல் மக்குவின்னாவின் முகம் நமக்கு இல்லை. ஹம்ப்றிஸ் வரைந்த கரைக்கோட்டைக் கொண்டு அக்காலத்துக் கட்டடங்கள் நின்ற இடத்தை இன்றும் உய்த்துணரலாம். படங்களை வெறுப்பதனாற் பயனில்லை. அவற்றை வினாவுவதனாலேயே பயன் உண்டு.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுவே. பாடநூலில் பழைய துறைமுகப் படமொன்றைக் காணும்போது, முதலில் வரைந்தவனின் கண் எங்கே இருந்தது என்று பாருங்கள். கப்பலின் மேற்றளத்திலா, கரையிலா, அல்லது அவ்விடத்தைக் காணாத ஒரு நகரத்து அறையிலா? அடுத்து, அப்படத்தை அச்சிடப் பணம் கொடுத்தவர் யார், அச்சிட்ட ஆண்டில் அவருக்கு என்ன தேவை இருந்தது என்று விசாரியுங்கள். இறுதியாக, படத்திலுள்ள வீடும் கரையும் யாருக்குச் சொந்தமோ அவர் படத்தில் எங்கே நிற்கின்றார் என்று தேடுங்கள். நடுவில் நிற்கின்றாரா, ஓரத்தில் நிற்கின்றாரா, அல்லது அறவே இல்லையா? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்பு அப்படம் முன்னிலும் அதிகமாகவே பேசும்.

நூட்காவை வரைந்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். அதற்காக வழக்காடியவர்களின் பெயர்களும் தெரியும். தன் வீட்டு உருவங்களைப் பாய்கொண்டு மறைத்து, ஒவ்வொரு பார்வைக்கும் ஒரு பொத்தான் வாங்கிய மனிதனின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. நூட்காவைப் பற்றிய படங்கள் அனைத்திலும் உடையவனுக்கு விலை கொடுத்து வரையப்பட்டதென்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியது அவன் வீட்டுப் படம் ஒன்றே.